ம்ம் போட்டது யார்?

உங்கள் போனில் சிக்னல் இருக்கிறதா? இல்லையா. எனக்கும் இல்லை. இந்த வளைவில் யாருக்கும் இருக்காது. முன்னால் ஒரு கேரட் லாரி அச்சு முறிந்து நிற்கிறதாம், கண்டக்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். கிரேன் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வர வேண்டும். ஆக, குன்னூர் போய்ச் சேருவது இப்போதைக்கு இல்லை.

அந்தப் பை என்னுடையது. இல்லை, மேலே வைக்க வேண்டாம், காலுக்கு நடுவிலேயே இருக்கட்டும். மேலே வைத்தால் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்? டீ பாக்டரிகளுக்கு பெல்ட் சப்ளையா. நல்லது. அப்படியானால் கம்ப்யூட்டர் சம்பந்தமே இல்லை. சும்மாதான் கேட்டேன். சம்பந்தம் இருந்தால் சொல்லமாட்டேன், அவ்வளவுதான்.

போனை ஏன் இத்தனை தடவை எடுத்துப் பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். கேட்கவில்லை, ஆனால் தோன்றியிருக்கும். சொல்கிறேன். இன்று சாயங்காலத்துக்குள் நான் ஒரு வார்த்தை அனுப்ப வேண்டும். ‘சம்மதம்’. அந்த ஒரு வார்த்தைதான். அனுப்பாவிட்டால் ஆறு வருஷம் நான் பாடுபட்ட ஒன்றிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு வெளியிட்டுவிடுவார்கள்.

வீட்டிலேயே அனுப்பிவிட்டு பஸ் ஏறியிருக்கலாமே என்கிறீர்கள். என் மனைவி அம்சவேணியும் அதைத்தான் சொன்னாள். அவள் முந்தாநாளே குன்னூர் போய்விட்டாள், சகலை வீட்டில் விசேஷம். அனுப்பியிருக்கலாம். ஆனால் எதற்காக அவ்வளவு அவசரப்படுத்துகிறார்கள் என்று யோசிக்க வேண்டாமா? ஐம்பத்தாறு வயதில் மனிதன் யோசிக்கக்கூட இல்லையென்றால் எப்படி?

முதலிலிருந்து சொல்கிறேன். இன்டர்நெட்டுக்கு விதி எழுதுவது யார் தெரியுமா? அரசாங்கம் இல்லை. ஒரு கம்பெனியும் இல்லை. ஒரு கூட்டம். யார் வேண்டுமானாலும் போகலாம், உறுப்பினர் அட்டை கிடையாது. பெல்ட்டை இறக்கி வைத்துவிட்டு நாளைக்கே நீங்களும் போகலாம். அவ்வப்போது ஏதாவது ஒரு ஊர் ஓட்டலில் கூடுவார்கள், மற்ற நாளெல்லாம் மெயிலில் சண்டை. ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர். யாராவது ஒரு யோசனையை எழுதிக்கொண்டு போனால் அதற்கு வரைவு என்று பெயர். அதைக் குழு பிய்த்துப் போடும், மறுபடி சேர்க்கும். இனி பதில் சொல்லாமல் விட்ட ஆட்சேபணை எதுவும் இல்லை என்று தலைவருக்குத் தோன்றினால் மேலே அனுப்புவார். அங்கே இன்னும் சிலர் பார்த்து, எண் கொடுத்து வெளியிடுவார்கள். அதன் பிறகு உலகத்தில் அந்த விஷயத்துக்குக் கருவி செய்கிறவன் எல்லாம் அதைப் பார்த்துத்தான் செய்வான்.

நான் எழுதியது என்னவென்றால், கரண்ட் போய்த் திரும்பி வரும்போது என்ன ஆகிறது என்பது. பீளமேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறேன். வீட்டு கரண்ட் மீட்டர்களுக்குள் வைக்கிற கார்டு செய்கிறோம். அந்தக் கார்டு மீட்டர் கணக்கை வயர்லெஸ்ஸில் அலுவலகத்துக்கு அனுப்பும். ஊருக்கே கரண்ட் போய், ஊருக்கே ஒரே நொடியில் திரும்பி வந்தால்? எல்லா மீட்டரும் ஒன்றாகக் கண் விழித்து, ‘நான் வந்துட்டேன், நான் வந்துட்டேன்’ என்று ஒரே குரலில் கத்தும். கேட்கிற பக்கம் எதுவும் புரியாது. ரேஷன் கடை ஷட்டரைத் தூக்கிய நொடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் வழி சொன்னேன். வரிசை. ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு எண் இருக்கிறது அல்லவா, அதில் கடைசி இரண்டு இலக்கம். சிறிய எண் முதலில் பேசட்டும், பெரிய எண் பொறுத்துப் பேசட்டும். சுத்தமான வழி. குழு கைதட்டி ஏற்றுக்கொண்டது. மெய்யாகவே கைதட்டினார்கள். இன்றைக்கும் எனக்கு அது ஞாபகம் இருக்கிறது, அவர்களுக்கு இல்லை.

அப்போதுதான் தர்மினி வந்தாள்.

யாழ்ப்பாணத்துப் பெண், ஒஸ்லோவில் இருக்கிறாள். முப்பத்தைந்து இருக்கும். ஒரு நாள் குழு மெயிலில் எழுதினாள்: ஒரே இரண்டு இலக்கத்தில் முடிகிற மீட்டர்கள் ஊரில் நூற்றுக்கணக்கில் இருக்குமே, அவை ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால் என்ன செய்யும்? மறுபடியும் அதே அளவு பொறுத்து, மறுபடியும் மோதும் அல்லவா?

நான் என்ன பதில் சொன்னேனா? பதில் சொல்லவில்லை. அது கேள்வியே இல்லை. என்னை ஆழம் பார்க்கிற வேலை. நான் திருப்பிக் கேட்டேன்: நீங்கள் எந்தக் கம்பெனி, உங்களை அனுப்புவது யார்? அவள் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னாள். பல்கலைக்கழகமாம். அதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? அதற்குமேல் நான் கேட்கவில்லை, ஆனால் மனதில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த கூட்டம் லிஸ்பனில். காலையில் சாப்பிடப் போகிறேன், மூலை மேசையில் தர்மினியும் குழுத் தலைவர் ஹென்ரிக்கும். அவர் ஸ்வீடன்காரர், ஆறடிக்கு மேல், குரல் மட்டும் பூனைக்குட்டி மாதிரி. அவள் உப்புக் குப்பியை ஒரு கையிலும் மிளகுக் குப்பியை ஒரு கையிலும் பிடித்து, இரண்டையும் மேசைமேல் நகர்த்தி முட்ட வைத்தாள். பின்னால் இழுத்தாள். மறுபடி முட்ட வைத்தாள். அவர் முட்டையை உரித்துக்கொண்டே தலையாட்டுகிறார். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அதில் உப்பு யார், மிளகு யார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். என்னைக் காலி பண்ணத் திட்டம் போடுகிறார்கள், அதுவும் சாப்பாட்டு மேசையில்.

அன்று மத்தியானம் கூட்டம். இப்போது நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பமாட்டீர்கள். அங்கே ஓட்டு கிடையாது. கை தூக்குவதும் கிடையாது. தலைவர் கேள்வி கேட்பார், ஆமாம் என்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று ஒலி எழுப்ப வேண்டும். அடுத்து, இல்லை என்கிறவர்கள் ‘ம்ம்ம்’. நிஜமாகத்தான். பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள் ஒரு ஹால் நிறைய உட்கார்ந்துகொண்டு ம்ம் போடுவார்கள். யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது, அதனால் யாருக்கும் பயம் இல்லை என்று விளக்கம் சொல்வார்கள். யார் போட்டது என்று தெரியாததுதானே எனக்குப் பயம்!

ஹென்ரிக் கேட்டார். இந்த வரைவை இப்படியே மேலே அனுப்பலாம் என்பவர்கள்? ஹால் அதிர்ந்தது. என் காது கேட்டது. தர்மினியின் கேள்விக்கு முதலில் பதில் வேண்டும் என்பவர்கள்? ஏதோ கொசு பறக்கிற மாதிரி. ஹென்ரிக் அந்தப் பூனைக்குரலில் சொல்கிறார், ‘இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. வரைவை எழுதியவர் கேள்விக்குப் பதில் எழுதட்டும்.’ கேட்டால், இங்கே தலைக்கணக்கு முக்கியம் இல்லையாம், ஆட்சேபணைக்குப் பதில் வந்ததா என்பதுதான் முக்கியமாம். ஒரே ஒரு ஆள் சொன்னாலும், சொன்னது சரியாக இருந்தால் நிற்க வேண்டுமாம். அப்புறம் எதற்கு ம்ம்?

ஆனால் நான் ஏமாளி இல்லை. போனை மடியில் வைத்து முழுவதையும் பதிவு செய்துவிட்டேன்.

ஊருக்கு வந்து சத்தத்தை அளக்கிற சாப்ட்வேர் போட்டுப் பார்த்தேன். முதல் ம்ம் மலை மாதிரி எழும்புகிறது, இரண்டாவது தரையோடு தரை. அம்சவேணியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன்.

“ஏனுங்க, இதுல உங்க சத்தம் மட்டுந்தானுங்க கேக்குது.”

“நல்லாக் கேளு.”

“நல்லாத்தாங்க கேக்கறேன். நீங்க குளிக்கறப்ப இழுப்பீங்கல்ல, அதேதான்.”

அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். மிக்ஸி ஓடி ஓடி அப்படி ஆகிவிட்டது. நான் அந்தப் பதிவோடு மேலே முறையீடு செய்தேன். முறையீடு செய்ய அங்கே வழி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும். நாலு பக்கத்துக்குப் பதில் வந்தது. மிகுந்த மரியாதையோடு. பதிவில் ஒரு குரல் மட்டும் மிகத் தெளிவாக இருப்பதாகவும், அது யாருடையது என்று தங்களால் சொல்ல முடியவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். பார்த்தீர்களா, மழுப்புகிறார்கள்!

லிஸ்பனில் இன்னொன்று நடந்தது, அதை விட்டுவிட்டேன். கூட்டம் முடிந்து கோபத்தோடு வெளியே வருகிறேன். ஓட்டல் வராந்தா ரொம்பக் குறுகல், சுவரோரமாக நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எதிரே தர்மினி, கையில் காப்பி. நான் இடது பக்கம் ஒதுங்கினேன், அவளும் அதே பக்கம். நான் அந்தப் பக்கம் போனேன், அவளும் அந்தப் பக்கம். மறுபடி இந்தப் பக்கம், அவளும் இந்தப் பக்கம். காப்பி ததும்பியது. அவள் சிரித்தாள்.

“அண்ணை, இதுதான் அண்ணை என்ர கேள்வி!”

எது? எது கேள்வி? நான் வழி விடத் தெரியாதவன் என்பதா? முகத்துக்கு நேரே நக்கல்.

அவள் அப்படியே சுவரோடு முதுகைச் சாய்த்து நின்றுவிட்டாள். “நான் நிக்கிறன். நீங்கள் போங்கோ.”

போனேன். ஆனால் போகும்போது யோசித்தேன், இவள் ஏன் நின்றாள்? நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று பார்க்கத்தானே?

இப்போது நீங்களே சிரிக்கிறீர்கள். இல்லையா? சிரித்த மாதிரி இருந்தது.

அப்புறம் அவள் எனக்குத் தனியாக எழுதினாள். ‘அண்ணை, உங்கட வரைவு நல்ல வரைவு. அந்த ஒரு பந்தியை மட்டும் மாத்துவம்’ என்று. பந்தி என்றால் அவர்கள் பேச்சில் பத்தி. மாற்றி எழுதியும் அனுப்பியிருந்தாள். என்னவென்று நினைக்கிறீர்கள்? பகடை! மீட்டர் கண் விழித்ததும் மனசுக்குள் பகடை உருட்ட வேண்டுமாம். என்ன விழுகிறதோ அவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும். மோதினால் மறுபடி உருட்ட வேண்டும், இந்த முறை இன்னும் பெரிய பகடை. நான் ஒரு இன்ஜினியர். வரிசையை எடுத்துவிட்டு அதிர்ஷ்டத்தை வை என்றால் எப்படி? எப்போது பேசும் என்று அந்த மீட்டருக்கே தெரியாது என்றால் அதை யார் கண்காணிப்பது?

நான் பதில் போடவில்லை. அவள் விடவில்லை, போன் செய்தாள். நான் மாடியில் இருந்தேன், அம்சவேணி எடுத்துவிட்டாள். அரைமணி நேரம் பேசினார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், “அந்தப் புள்ளைக்கு நம்ம பச்சப்புளி ரசம் எப்படி வெக்கறதுன்னு சொன்னனுங்க” என்கிறாள். ரசமாம். அதற்குப் பிறகு இருவரும் வாட்ஸப்பில் பேசிக்கொள்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாள், கவனித்தீர்களா?

அவள் அந்தப் பந்தியைக் குழு மெயிலிலும் போட்டுவிட்டாள். அடுத்த கூட்டத்தில் ஹென்ரிக் மறுபடி ம்ம் கேட்டார். பகடைப் பந்தியோடு அனுப்பலாம் என்பவர்கள்? அந்த முறை நான் போனை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஹால் முழுக்க ஒரே ஒலி. கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு நிற்குமே, அப்படி. அதிலே ஒரு விஷயம். ஒலி நிற்கும்போது என் தொண்டையில் ஏதோ அதிர்ந்துகொண்டிருந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு ஜெர்மன்காரர், தொப்பை பெரியது, நாற்காலியெல்லாம் ஆடும். அவருடையதாகத்தான் இருக்கும். நான் போட்டிருக்க முடியாது. ஏன் போடப்போகிறேன்? பல நாள் தூங்காமல் யோசித்துப் பார்த்துவிட்டேன். வேறு யாருடையதாகவும் இருக்கலாம்.

‘இல்லை என்பவர்கள்?’ என்றார். ஹாலில் ஏசி சத்தம் மட்டும் கேட்டது. நான்கூட ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

வரைவு மேலே போனது, எண் வந்துவிட்டது. இப்போது கடைசிப் படி. வெளியிடுவதற்கு முன்னால் முகப்பில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு முறை படித்துப் பார்த்து, சம்மதம் என்று எழுத வேண்டும். அது அங்கே வழக்கம். ஒருவர் எழுதாவிட்டாலும் அப்படியே நிற்கும். முகப்பில் இரண்டு பெயர். முதலில் தெய்வசிகாமணி, நான்தான். இரண்டாவது தர்மினி.

என் பெயர் ஏன் முதலில்? பகடை அவளுடையது. அகர வரிசைப்படி என்று சொல்லவும் முடியாது, அவர்கள் எழுத்தில் பார்த்தாலும் அவளுடையதுதான் முன்னால் வரும், நான் கணக்குப் பார்த்துவிட்டேன், அது காரணம் இல்லை. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். நாளைக்கு எங்காவது ஊரே இருட்டாகி, மீட்டரெல்லாம் பகடை உருட்டி நாசமாய்ப் போனால், முதல் பெயரைத்தானே பிடிப்பார்கள்? அதனால்தான் சம்மதம் எழுதாமல் வைத்திருந்தேன். அதை மாற்று, இதை மாற்று என்று கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தாள். ஒன்றுகூட மறுக்கவில்லை. அது இன்னும் சந்தேகம்.

மாதங்கள் போயின. கடைசியில் மேலே இருக்கிற அம்மாள் ஒருவர் எழுதினார்: இன்றைக்குள் பதில் இல்லையென்றால் உங்கள் பெயரை முகப்பிலிருந்து எடுத்து, உதவியவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டு வெளியிடுவோம். ஆறு வருஷம். உதவியவன்.

இருங்கள், வண்டி நகர்கிறது. லாரியை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்போல. பாருங்கள், ரோடெல்லாம் கேரட்.

அடுத்த வளைவு. இதோ! கேட்டீர்களா, பஸ்ஸில் இருக்கிற எல்லாப் போனும் ஒரே நேரத்தில் கத்துகிறது. எனக்கு அழைப்பே வருகிறது. அம்சவேணி. ஒரு நிமிஷம்.

“சொல்லு... பர்லியார் தாண்டிட்டேன்... லாரி மறிச்சுருச்சு... என்ன? யாரு பேசுனா?”

“அந்தப் புள்ளதானுங்க, தர்மினி. உங்களுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு எனக்கு அடிச்சா. ஏனுங்க, உங்க பேர எடுக்கறதுன்னா எம்பேரயும் எடுத்துருங்கன்னு அவங்ககிட்டச் சொல்லிட்டாளாமா. அவளும் சம்மதங் குடுக்காம உக்காந்திருக்கறா. அண்ணை குடுத்தாத்தான் நான் குடுப்பேன்கறா.”

“எதுக்காம்?”

“எதுக்கா? கரண்டு வந்தா எல்லாம் ஒண்ணாக் கத்தும்னு மொதமொத யோசிச்சது நீங்கதானாமா. அது அவளுக்குத் தோணவே இல்லையாமா. ஏனுங்க, அந்தப் புள்ள அழுதுருவா போல இருக்குதுங்க. ஒரு வார்த்தைய அனுப்பித் தொலைங்களேன்!”

கேட்டீர்களா? ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனால் இவள் குரல் டிரைவருக்கே கேட்டிருக்கும்.

அவளும் கொடுக்கவில்லையாம். நான் கொடுக்காமல் அவள் கொடுக்க மாட்டாள். அவள் கொடுக்கிறாளா என்று பார்த்துவிட்டு நான் கொடுக்கலாம் என்றுதான் நானும் இருந்தேன். இத்தனை மாதமாக இரண்டு பேருமே...

ஏன் அப்படிச் செய்தாள்? நீங்கள் வெளி ஆள், சொல்லுங்கள். அதில் அவளுக்கு என்ன லாபம்? பெயர் போனால் அவளுக்கும் நஷ்டம்தானே. ஒருவேளை... இல்லை. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு மனிதன் காரணமே இல்லாமல் நிற்பானா?

சரி, அனுப்பிவிடுகிறேன். அவள் சொன்னதற்காக இல்லை. உள்ளே இருந்தால்தான் இவர்களைக் கவனிக்க முடியும். வெளியே போய்விட்டால் நாளைக்கு வேறு எதையாவது மாற்றினாலும் எனக்குத் தெரியாது. அதனால்தான். ச, ம், ம... எழுதியாகிவிட்டது. அழுத்திவிட்டேன்.

அடடா. அதற்குள் அடுத்த வளைவு. சிக்னல் போய்விட்டது. சுற்றிக்கொண்டே இருக்கிறது பாருங்கள், இந்த வட்டம்.

இல்லை, மறுபடி அழுத்த வேண்டியதில்லை. அதுவாகவே திரும்பத் திரும்ப முயலும். எப்போதா? அதைச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுக்கும், முயலும். போகவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் அதிகம் பொறுக்கும். எவ்வளவு என்று அதற்குள்ளேயே ஒரு... ஆமாம். பகடைதான். உங்கள் போனிலும் அதுதான் நடக்கிறது. எல்லாப் போனும் ஒரே நேரத்தில் கத்தினால் யாருடையதும் போகாதே. அது எனக்குத் தெரியாமல் இல்லை. போன் வேறு, மீட்டர் வேறு.

காட்டேரி தாண்டிவிட்டோம். மணி நாலரை. அவர்கள் ஊரில் இப்போதுதான் மத்தியானம் ஆகியிருக்கும், நேரம் இருக்கிறது. வட்டம் சுற்றட்டும். நான் பார்க்கப்போவதில்லை.

பார்த்தேன். இன்னும் சுற்றுகிறது.

குன்னூர் வந்துவிட்டது. அதோ, அம்சவேணி ஸ்டாண்டிலேயே வந்து நிற்கிறாள், போனைக் காதில் வைத்துக்கொண்டு. யாரோடு பேசுகிறாள் என்று நான் கேட்கப்போவதில்லை. எழுந்திருங்கள், இறங்கலாம். நீங்கள் முதலில்... சரி, நான்... அட, நீங்களும் வருகிறீர்கள். இந்தப் பக்கம் போங்கள். இல்லை, நானும் இந்தப் பக்கம்தான்...

இருங்கள். நான் இப்படி சீட்டோடு ஒட்டி நிற்கிறேன்.

நீங்கள் போங்கள். பையை நானே எடுத்துக்கொள்கிறேன்.